கடை வண்டியின் சக்கரத்தைக் கவனியுங்கள்



நம்மில் பெரும்பாலோருக்குக் கடைக்கு அடுத்தபடியாக உற்ற துணையாக இருப்பது இருசக்கர வாகனம்தான். ஒரு காலத்தில் தலைச்சுமையாகவும், மாட்டு வண்டியிலும், பிறகு பெரிய கேரியர் வைத்த சைக்கிளிலும் போய்க்கொண்டிருந்த சில்லறைச் சரக்கு, 1980-ல் டி.வி.எஸ். 50 வந்த பிறகு மொபெட்டுக்கு மாறியது. இன்று மண்டியிலிருந்து சரக்கு எடுத்து வருவதும், வாடிக்கையாளர் வீட்டுக்குப் பொருள் கொண்டு கொடுப்பதும், மாலையில் பாக்கி வசூலுக்குப் போவதும் எல்லாம் அந்த இரண்டு சக்கரங்களின் மேல்தான் நடக்கின்றன.

ஆனால் அந்தச் சக்கரத்தை நாம் எப்போது பார்க்கிறோம்? பஞ்சர் ஆனால் பார்க்கிறோம். ஆயுத பூஜையன்று கழுவிச் சந்தனம், குங்குமம் வைக்கும்போது பார்க்கிறோம். மற்ற நாட்களில் பெட்ரோல் போடுவதோடு நம் கவனிப்பு முடிந்துவிடுகிறது. டேங்கைத் துடைப்போம், சீட்டைத் தட்டுவோம், கண்ணாடியைத் துடைப்போம். சக்கரத்தில் கை வைத்தால் கை அழுக்காகும் என்று விட்டுவிடுகிறோம்.

சக்கரத்தைச் சுத்தமாக வைப்பது அழகுக்காக மட்டும் அல்ல. வருடக் கடைசியில் நாம் இருப்பு எடுக்கிறோம். மூட்டையை நகர்த்தினால்தான் அடியில் எலி கடித்தது தெரிகிறது, பூச்சி விழுந்தது தெரிகிறது. சக்கரமும் அப்படித்தான். துடைத்தால்தான் டயரில் உள்ள வெடிப்பும், தளர்ந்த கம்பியும், கசியும் எண்ணெயும் கண்ணில் படும். அழுக்கு மூடியிருக்கும் வரை குறையும் மூடியே இருக்கும்.

சாதாரண வண்டிக்கும் நம் வண்டிக்கும் உள்ள வித்தியாசம்

அலுவலகம் போய் வருகிறவருடைய வண்டியில் சேருவது சாலைத் தூசும், கொஞ்சம் செயின் எண்ணெயும், பிரேக் தேய்மானத் தூளும்தான். நம் வண்டியில் இவற்றோடு நாம் ஏற்றும் சரக்கும் சேர்ந்துகொள்கிறது. உப்பு மூட்டையிலிருந்து உப்பு சிந்துகிறது. எண்ணெய் டின் கசிகிறது. வெல்லம் வெயிலில் இளகி ஒழுகுகிறது. மாவு, மல்லி, மிளகாய் வத்தல் தூள் காற்றில் பறந்து செயின் எண்ணெயில் ஒட்டிப் பசையாகிறது. மூட்டை கட்டிய சணலும் பிளாஸ்டிக் கயிறும் அறுந்து தொங்கிச் சக்கரத்தில் சுற்றிக்கொள்கின்றன. போதாக்குறைக்குப் பாரமும் அதிகம். ஆகவே மற்றவர்கள் மாதம் ஒருமுறை பார்ப்பதை நாம் வாரம் ஒருமுறை பார்க்க வேண்டும். இவற்றை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

எண்ணெய்: முதல் எதிரி

இவை எல்லாவற்றிலும் ஆபத்தானது எண்ணெய்தான். 15 கிலோ டின்னைப் பின்னால் கேரியரில் கட்டினால், அதற்கு நேர் கீழே இருப்பது பின்சக்கரம். டின்னின் ஈயப்பற்றிலோ மூடியிலோ சிறு கசிவு இருந்தால் போதும், சொட்டுச் சொட்டாக டயரின் மேல் விழும். நேராகப் போகும்போது ஒன்றும் தெரியாது. வளைவில் வண்டியைச் சாய்க்கும்போதுதான் டயர் வழுக்கும்.

எங்கள் விருதுநகர் கடைக்குச் சரக்கு எடுக்க வரும் சில்லறை வியாபாரி ஒருவருக்கு இப்படித்தான் நடந்தது. சாலையில் மணலும் இல்லை, எதிரே வண்டியும் இல்லை. ஊருக்குள் திரும்பும் வளைவில் வண்டி அப்படியே சாய்ந்துவிட்டது. கணுக்கால் முறிந்து ஒரு மாதத்துக்கு மேல் கடையைத் திறக்க முடியவில்லை. பிறகு வண்டியைப் பார்த்தால் பின் டயரின் ஒரு பக்கம் முழுவதும் எண்ணெய். டின்னுக்கு ஏற்பட்ட நஷ்டம் சில ரூபாய்தான். கடை மூடிக் கிடந்ததால் கையை விட்டுப் போன வாடிக்கைக்குக் கணக்குப் போட முடியாது.

எனவே டின்னை ஏற்றும் முன் ஒரு நிமிடம் காகிதத்தின் மேல் வைத்து எடுங்கள். காகிதத்தில் கறை படிந்தால் அது கசியும் டின். டின்னுக்கு அடியில் பாலிதீன் தாள் விரித்து, ஓரங்களை மேலே மடித்துக் கட்டுங்கள். தெரியாமல் டயரில் எண்ணெய் பட்டுவிட்டால் முதலில் மரத்தூளைப் போட்டு எண்ணெயை உறிஞ்ச விட்டுத் துடைக்க வேண்டும். பிறகு சோப்புத் தண்ணீரால் இரண்டு முறை தேய்த்துக் கழுவ வேண்டும். வெறும் தண்ணீர் ஊற்றினால் எண்ணெய் பரவுமே தவிரப் போகாது. டிஸ்க் பிரேக் உள்ள வண்டியில் தட்டிலோ பேடிலோ எண்ணெய் பட்டிருந்தால் வண்டியை ஓட்டாமல் மெக்கானிக்கிடம் காட்டுங்கள். எண்ணெய் குடித்த பேடை மாற்றுவதே நல்லது.

உப்பு: மெல்லக் கொல்லும் எதிரி

தூத்துக்குடி உப்பும் வேதாரண்யம் உப்பும் விற்கும் நமக்கு, மழைக்காலத்தில் உப்பு மூட்டை கசிவது புதிய செய்தி அல்ல. காற்றில் ஈரப்பதம் சுமார் 75 சதவீதத்தைத் தாண்டினால் உப்பு தானாகவே நீரை இழுத்துக்கொண்டு கரையத் தொடங்கும். இதே வேலை சக்கரத்திலும் நடக்கிறது. ரிம்மின் மேல் விழுந்த உப்புத் தூள் இரவு முழுவதும் ஈரத்தை இழுத்து வைத்துக்கொண்டு இரும்பைத் தின்கிறது. கண்ணாடி போல் மின்னும் குரோமிய முலாம் பூசிய ரிம்மில் முதலில் ஊசிமுனை அளவுக்குப் பழுப்புப் புள்ளிகள் தோன்றும். அதற்குக் கீழே துரு பரவிக்கொண்டிருக்கும்.

இதில் வெளியே தெரியாத கெடுதல் ஒன்று உண்டு. கம்பிகள் ரிம்மில் நுழையும் துளைகள் வழியாக உப்பு நீர் உள்ளே இறங்கி, ரிம்மின் உட்புறமும் துருப்பிடிக்கும். அந்தத் துரு சொரசொரப்பாகி டியூபை அரிக்கும். "ஆணியும் இல்லை, முள்ளும் இல்லை, மாதம் இரண்டு பஞ்சர் ஆகிறது" என்று சிலர் சொல்வதற்கு இது ஒரு முக்கியக் காரணம். அடுத்த முறை பஞ்சர் ஒட்டும்போது ரிம்மின் உட்புறத்தைக் காட்டச் சொல்லிப் பாருங்கள். துரு இருந்தால் தேய்த்துச் சுத்தம் செய்து, உள்ளே சுற்றியிருக்கும் ரிம் டேப்பையும் மாற்றிவிடுங்கள்.

உப்பு ஏற்றிய நாளில் நல்ல தண்ணீரால் சக்கரத்தை அலசிவிடுவது இதற்கு எளிய மருந்து. துணியால் மட்டும் துடைத்தால் உப்பு போகாது, இடம்தான் மாறும். கடற்கரை ஊர்களில் கடை வைத்திருப்பவர்கள் உப்பு ஏற்றாவிட்டாலும் இதைச் செய்ய வேண்டும். அங்கே காற்றிலேயே உப்பு இருக்கிறது.

கரிசல் மண்

கோவில்பட்டி, சாத்தூர், அருப்புக்கோட்டை பக்கத்து நண்பர்களுக்குக் கரிசல் மண்ணைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. மழை பெய்தால் மாவு போல் ஒட்டும். காய்ந்தால் கல்லாகிவிடும். டயருக்கும் மட்கார்டுக்கும் நடுவில் அடைத்துக்கொண்டு சக்கரத்தையே சுற்ற விடாமல் செய்யும். ஒரு பக்கம் மட்டும் காய்ந்து ஒட்டிக்கொண்டால், வேகமாகப் போகும்போது சக்கரம் உதறும்.

ஈரமாக இருக்கும்போதே மரக்குச்சியால் தள்ளிவிட்டு, தண்ணீர் ஊற்றிக் கழுவுவதுதான் சுலபம். காய்ந்த பிறகு கடப்பாரை முனையாலும் ஸ்குரூ டிரைவராலும் குத்தி எடுத்தால் பெயின்ட் போகும், டயரும் கிழியும். காய்ந்துவிட்டால் ஈரச் சாக்கைச் சுற்றி அரை மணி நேரம் ஊற விடுங்கள். தானே உதிரும். மட்கார்டின் உட்புறத்தையும் மறக்காமல் கழுவ வேண்டும். மண் அங்கே தங்கினால் தகரம் உள்ளிருந்து ஓட்டையாகும்.

பிரேக் தூள்

முன்சக்கரம் மட்டும் கறுப்பாக இருக்கிறதே, ஏன் என்று சிலர் கேட்பதுண்டு. டிஸ்க் பிரேக் உள்ள வண்டியில் தட்டை இருபுறமும் பேடுகள் கவ்விப் பிடிக்கின்றன. ஒவ்வொரு முறை பிடிக்கும்போதும் பேடு கொஞ்சம் தேய்ந்து தூளாகிறது. அந்தத் தூள் வெளியே பறந்து ரிம்மில் ஒட்டுகிறது. அதில் உலோகத் துகள்களும் இருப்பதால் நாள்பட விட்டால் பெயின்ட்டில் பதிந்துவிடும்.

நம்மில் பலர் ஓட்டும் மொபெட்டிலும் சாதாரண மோட்டார் சைக்கிளிலும் டிரம் பிரேக்தான். அதில் தேய்மானத் தூள் வெளியே வராது, டிரம்முக்குள்ளேயே தங்கிவிடும். வெளியே சுத்தமாகத் தெரிவதால் உள்ளேயும் சுத்தம் என்று நினைத்துவிடக் கூடாது. உள்ளே தூள் சேர்ந்தால் பிரேக் கீச்சிடும். அதோடு தண்ணீரும் சேர்ந்தால் பசையாகி, ஒரு சமயம் பிரேக் பிடிக்காது, ஒரு சமயம் சட்டென்று பிடிக்கும். பாரம் ஏற்றிய வண்டிக்கு இரண்டுமே ஆபத்து. டிரம்மைத் திறந்து பார்ப்பது மெக்கானிக் வேலை. சர்வீஸுக்கு விடும்போது "டிரம்மைத் திறந்து சுத்தம் செய்து, ஷூவைக் காட்டுங்கள்" என்று வாய்விட்டுக் கேளுங்கள்.

இங்கே ஓர் எச்சரிக்கை. டிரம்மைத் திறந்தவுடன் வாயால் ஊதுவதும், காற்றுக் குழாயால் அடிப்பதும் பல இடங்களில் பழக்கமாக இருக்கிறது. பிரேக் ஷூக்களில் ஆஸ்பெஸ்டாஸ் என்னும் கல்நார் நெடுங்காலம் கலக்கப்பட்டு வந்தது. அது நுரையீரலுக்குள் போனால் புற்றுநோயை உண்டாக்கக்கூடியது என்று உலக சுகாதார நிறுவனமே சொல்லியிருக்கிறது. நம் வண்டியில் உள்ள ஷூ எந்த வகை என்று பார்த்த மாத்திரத்தில் சொல்ல முடியாது. ஆகவே எந்தப் பிரேக் தூளையும் ஊதக் கூடாது. ஈரத் துணியால் துடைத்தெடுத்து, அந்தத் துணியைப் பாலிதீன் பையில் கட்டிப் போட்டுவிட வேண்டும். அரிசி மூட்டைகளுக்குப் பக்கத்தில், கடை வாசலில் வைத்து இந்த வேலையைச் செய்யவே கூடாது.

கடைச் சரக்கில் எது ஆகும், எது ஆகாது?

சக்கரம் கழுவ நாம் எங்கும் போய் எதையும் வாங்க வேண்டியதில்லை. தேவையானது கடையிலேயே இருக்கிறது. கெடுக்கக்கூடியதும் கடையிலேயே இருக்கிறது. ஆகவே தெரிந்து எடுக்க வேண்டும்.

ஆகும்: ஒரு ஷாம்பு பாக்கெட்டை அரை வாளித் தண்ணீரில் கலக்கினால் இரண்டு சக்கரத்துக்கும் போதும். பூந்திக்கொட்டை ஊறிய தண்ணீரும் நல்லதே. பாத்திரம் தேய்க்கும் திரவ சோப்பு என்றால் சில சொட்டுகள் போதும். தேய்க்கப் பழைய பல் பிரஷ் ஒன்று, மென்மையான துணி பிரஷ் ஒன்று, துடைக்கத் திருப்பூர் பனியன் வேஸ்ட் ஒரு கைப்பிடி இருந்தால் வேலை முடிந்தது. தேங்காய் நாரை டயர் ரப்பருக்கு மட்டும் பயன்படுத்தலாம்.

ஆகாது: சலவை சோடாவும் காரம் அதிகமான சோப்புத் தூளும் அலாய் சக்கரத்துக்குப் பகை. அலாய் சக்கரம் அலுமினியக் கலவையால் ஆனது. அலுமினியத்தைக் காரம் அரிக்கும். அலுமினியப் பாத்திரத்தைச் சோடாவில் ஊற வைத்தால் கறுத்துப்போவதை வீட்டில் பார்த்திருப்பீர்கள். கழிவறை ஆசிட்டும் அப்படியே. அது அலுமினியத்தையும் குரோமிய முலாமையும் சேர்த்தே கெடுக்கும். ஆசிட்டையும் பிளீச்சிங் பவுடரையும் ஒன்றாகக் கலந்தால் மூச்சை அடைக்கும் குளோரின் நச்சுப் புகை வரும். அந்த விஷப்பரீட்சை வேண்டவே வேண்டாம். கம்பி நாரும், பித்தளை தேய்க்கும் பொடியும் கோடு கோடாகக் கீறிவிடும். அந்தக் கீறல்தான் அடுத்த அழுக்கு தங்கும் இடம்.

மண்ணெண்ணெயைச் செயின் அழுக்கு எடுக்கப் பயன்படுத்தலாம். டயரில் படக் கூடாது. ரப்பர் அதை உறிஞ்சி உப்பிப் பலம் இழக்கும். தேங்காய் எண்ணெய் தடவி டயரைக் கறுப்பாக்குவதும் தவறு. பளபளப்பு இரண்டு நாளைக்குத்தான். பிறகு ஊர்த் தூசு எல்லாம் அதில் ஒட்டும். சாலையில் படும் பகுதியில் எண்ணெய் இறங்கினால் வழுக்கும்.

கழுவும் முறை

ஓடி வந்த வண்டியை உடனே கழுவக் கூடாது. பிரேக் சூடாக இருக்கும். அரை மணி நேரம் நிழலில் நிறுத்துங்கள். வெயிலில் கழுவினால் சோப்பு காய்ந்து திட்டுத் திட்டாக நிற்கும்.

சமதரையில் சென்டர் ஸ்டாண்டு போட்டு, சாவியை எடுத்துச் சட்டைப் பையில் வைத்துக்கொள்ளுங்கள். இது மிக முக்கியம். இன்ஜினை ஓடவிட்டுச் சக்கரம் சுற்றச் சுற்றத் துணியால் துடைக்கும் பழக்கம் சிலரிடம் உண்டு. துணியைச் செயின் இழுத்தால் அதோடு விரலையும் இழுத்துக்கொண்டு போகும். சக்கரத்தைக் கையால்தான் சுற்ற வேண்டும். அதுவும் செயினை விட்டுத் தள்ளி, டயரைப் பிடித்துச் சுற்ற வேண்டும்.

முதலில் வெறும் தண்ணீர் ஊற்றி மண்ணை இறக்குங்கள். மண் இருக்கும்போதே துணியால் தேய்த்தால் அது உப்புத்தாள் போட்டுத் தேய்த்தது போல் ஆகும். பிறகு சோப்புத் தண்ணீரில் பிரஷ்ஷை நனைத்து மேலிருந்து கீழாகத் தேய்க்க வேண்டும். கம்பி ரிம்மில் சேரும் இடம், ஹப்பில் கம்பி மாட்டும் இடம், காற்று அடிக்கும் வால்வைச் சுற்றியுள்ள இடம் ஆகியவற்றுக்குப் பல் பிரஷ்தான் சரி. செயின் பக்கத்தைத் துடைத்த துணியை மறுபடி ரிம்மிலோ பிரேக் தட்டிலோ போடாதீர்கள். அதற்குத் தனித்துணி வேண்டும்.

தண்ணீரைப் பாய்ச்சி அடிக்கும் சர்வீஸ் பம்பை ஹப்புக்கு நேராகப் பிடிக்கக் கூடாது. அந்த வேகத்தில் தண்ணீர் ரப்பர் சீலைத் தாண்டிப் பேரிங்குக்குள் போய்க் கிரீஸைக் கெடுத்துவிடும். பின்சக்கரத்துக்குள்ளேயே மோட்டார் உள்ள மின்சார வண்டிகளுக்கு இது இன்னும் முக்கியம். ஈரத் துணியால் துடைப்பதே அவற்றுக்குப் போதும்.

கடைசியில் நல்ல தண்ணீரால் அலசி, உடனே துணியால் ஈரத்தை ஒற்றி எடுங்கள். நம் பக்கத்து ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர் பெரும்பாலும் உப்பாகவே இருக்கிறது. தானாகக் காய விட்டால் வெள்ளைத் திட்டுகள் நிற்கும். காய்ந்த ரிம்மில் வண்டிக்குப் போடும் மெழுகுப் பாலிஷ் லேசாகத் தடவித் துடைத்துவிட்டால், அடுத்த வாரம் தூசு அவ்வளவாக ஒட்டாது. பிரேக் தட்டிலும் டயர் பட்டனிலும் பாலிஷ் படவே கூடாது.

பிறகு செயினுக்கு எண்ணெய். செயினுக்கும் டயருக்கும் நடுவில் பழைய அட்டைப் பெட்டியின் துண்டு ஒன்றைப் பிடித்துக்கொண்டு, செயினின் உட்புறத்தில் அளவாக விட்டு, கூடுதலைத் துடைத்துவிடுங்கள். பின் ரிம் கறுப்பதற்குப் பாதிக் காரணம், தேவைக்கு மேல் விட்ட செயின் எண்ணெய் தெறிப்பதுதான். எல்லாம் முடிந்து வண்டியை எடுக்கும்போது மெதுவாக ஓட்டி, இரண்டு பிரேக்கையும் நாலைந்து முறை பிடித்துப் பாருங்கள். நனைந்த பிரேக் உடனே பிடிக்காது.

துடைக்கும்போதே இருப்பு எடுங்கள்

கையில் துணி இருக்கும்போதே கீழ்க்கண்டவற்றையும் பார்த்துவிட வேண்டும்.

1. டயர் பட்டன்: டயரின் பக்கவாட்டில் டி.டபிள்யூ.ஐ. என்ற எழுத்தோ சிறு முக்கோணமோ இருக்கும். அதற்கு நேராகப் பட்டனின் பள்ளத்துக்குள் ஒரு சிறு மேடு இருக்கும். பட்டன் தேய்ந்து அந்த மேட்டோடு சமமாகிவிட்டால் டயரின் ஆயுள் முடிந்தது. இருசக்கர வாகனத்துக்குக் குறைந்தது 0.8 மில்லிமீட்டர் பள்ளம் இருக்க வேண்டும் என்பது மோட்டார் வாகன விதி. பாரம் ஏற்றும் நாம் அது வரை காத்திருக்கக் கூடாது.

2. டயரின் வயது: பக்கவாட்டில் நான்கு இலக்க எண் ஒன்று இருக்கும். 3223 என்றிருந்தால் 2023-ம் ஆண்டின் 32-வது வாரத்தில் செய்த டயர் என்று பொருள். பருப்புப் பாக்கெட்டில் தேதி பார்க்கும் நாம், டயர் வாங்கும்போதும் தேதி பார்க்கலாம். பக்கவாட்டில் மயிரிழை போல வெடிப்புகள் தெரிந்தால் பட்டன் இருந்தாலும் மாற்ற வேண்டியதுதான்.

3. கம்பிகள்: பல வண்டிகளில் ஒரு சக்கரத்துக்கு 36 கம்பிகள். தேங்காயைத் தட்டிப் பார்த்து வாங்கும் நமக்கு இதைச் சொல்லித் தர வேண்டியதில்லை. ஸ்குரூ டிரைவரால் ஒவ்வொன்றாகத் தட்டுங்கள். முறுக்காக இருக்கும் கம்பி "டிங்" என்று ஒலிக்கும். தளர்ந்த கம்பி "டொக்" என்று செத்த ஒலி கொடுக்கும். ஒரு கம்பி தளர்ந்தால் அதன் பாரம் பக்கத்துக் கம்பிகளுக்குப் போகும். பிறகு அவையும் ஒவ்வொன்றாகப் போகும்.

4. பேரிங்: சக்கரத்தின் மேலும் கீழும் கை வைத்துப் பக்கவாட்டில் ஆட்டுங்கள். "கடக் கடக்" என்று ஆடினால் மெக்கானிக்கிடம் காட்ட வேண்டும்.

5. கயிறு: ஹப்பின் ஓரத்திலும் செயின் பல்சக்கரத்திலும் சணல், பிளாஸ்டிக் கயிறு, பாலிதீன் பை சுற்றியிருக்கிறதா என்று பாருங்கள். சுற்றிய கயிறு சூட்டில் இளகிச் சீலைக் கெடுக்கும். ஆயுத பூஜைக்குக் கட்டிய பூமாலை நாரும் இதில் சேர்த்திதான். பூஜை முடிந்ததும் அவிழ்த்துவிடுங்கள். பிரேக் தட்டில் சந்தனம் பூசாதீர்கள்.

6. காற்று: வண்டி ஓடுவதற்கு முன் அளப்பதே சரியான அளவு. பாரத்தோடு போவதற்கு எவ்வளவு என்பது வண்டியிலோ புத்தகத்திலோ தனியாகக் கொடுத்திருக்கும். வால்வு மூடி இல்லாவிட்டால் உடனே வாங்கிப் போடுங்கள். தூசு உள்ளே போய் வால்வு ஊசியில் சிக்கினால் காற்று மெல்ல இறங்கும்.

தூசு சேராமல் தடுப்பது

கழுவுவதைவிடச் சேராமல் தடுப்பது லாபம். மட்கார்டின் கீழே தொங்கும் ரப்பர் பட்டை கிழிந்திருந்தால் மாற்றுங்கள். சேறு மூட்டையில் தெறிப்பதை அது தடுக்கும். வண்டியைக் கடை வாசலில் சாக்கடை ஓரமாக நிறுத்தாமல், தார்ப்பாய் நிழலில் நிறுத்துங்கள். கடையைக் கூட்டும் தூசு சக்கரத்துக்குப் போகாதபடி எதிர்ப்பக்கமாகக் கூட்டச் சொல்லுங்கள். மூட்டை கட்டியதும் கயிற்றின் மிச்சத்தைத் தொங்க விடாமல் உள்ளே செருகுங்கள்.

இன்னொன்று. பெரிய மூட்டை வைக்க இடைஞ்சலாக இருக்கிறது என்று பின்சக்கரத்தின் பக்கவாட்டில் உள்ள சேலைத் தடுப்பைச் சிலர் கழற்றிவிடுகிறார்கள். 1989-ம் ஆண்டு மத்திய மோட்டார் வாகன விதிகளில் 123-வது விதி, பின்சக்கரத்தில் பாதிக்குக் குறையாமல் மூடும் தடுப்பு வேண்டும் என்கிறது. பின்னால் உட்காரும் நம் வீட்டுப் பெண்களின் சேலைத் தலைப்பையும், தொங்கும் சாக்கு முனையையும் சக்கரத்தில் சிக்காமல் காப்பது அதுதான். அதைக் கழற்ற வேண்டாம்.

நாம் விற்பது உணவுப் பொருள்

சக்கரத்திலிருந்து தெறிப்பது எங்கே போகிறது என்பதையும் நினைத்துப் பார்க்க வேண்டும். பக்கவாட்டில் தொங்கும் பையில் பச்சைப் பட்டாணி, மேலே அரிசிச் சிப்பம், கால் வைக்கும் இடத்தில் சர்க்கரை. சக்கரம் வாரி இறைக்கும் சாக்கடைத் தண்ணீரும் சாணமும் முதலில் படுவது இவற்றின் மேல்தான். 2006-ம் ஆண்டு உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் 2011-ல் வந்த விதிமுறைகள், உணவுப் பொருள் ஏற்றும் வாகனமும் சுத்தமாக இருக்க வேண்டும் என்று சொல்கின்றன. சட்டம் ஒரு பக்கம் இருக்கட்டும். வீட்டு வாசலில் வந்து நிற்கும் வண்டியின் சக்கரத்தில் சேறு அப்பியிருந்தால், அதிலிருந்து இறக்கும் அரிசியை எந்த அம்மாள் மனநிறைவோடு வாங்குவார்?

யார் செய்வது, எப்போது செய்வது?

தினமும் காலையில் வண்டியை எடுக்கும் முன் இரண்டு நிமிடம்: இரண்டு டயரையும் ஒரு பார்வை, எண்ணெய்க் கசிவு, தொங்கும் கயிறு. வாரம் ஒருமுறை, கடை விடுமுறை நாளில் இருபது நிமிடம்: மேலே சொன்ன முறைப்படி கழுவி, இருப்பு எடுப்பது. உப்பும் எண்ணெயும் ஏற்றிய நாளிலும், மழையில் மண் பாதையில் போன நாளிலும் அன்றைக்கே அலசுவது. சர்வீஸுக்கு விடும்போது டிரம், ஷூ, பேரிங் மூன்றையும் திறந்து பார்க்கச் சொல்வது. இவ்வளவுதான்.

பல கடைகளில் வண்டியை ஓட்டுவது முதலாளி அல்ல, நம்மிடம் வேலை பார்க்கும் தம்பிமார்கள். "வண்டியைத் துடைடா" என்று சொன்னால் டேங்கைத்தான் துடைப்பார்கள். ஒரு நாள் பக்கத்தில் உட்கார்ந்து, எதைப் பார்க்க வேண்டும், ஏன் பார்க்க வேண்டும் என்று சொல்லிக் கொடுங்கள். அதற்கான நேரத்தை வேலை நேரத்திலேயே கொடுங்கள். அவர்கள் குறை சொல்லி வந்தால் "இன்னும் ஒரு மாதம் ஓட்டு" என்று தள்ளிப் போடாதீர்கள். ஒரு டயரின் விலை நமக்குத் தெரியும். அந்தப் பிள்ளை மாலையில் வீடு திரும்புவதற்கு விலை கிடையாது.

வாரம் இருபது நிமிடம், ஒரு ஷாம்பு பாக்கெட், ஒரு கைப்பிடி பனியன் வேஸ்ட். இதற்கு மேல் செலவு இல்லாத இந்தப் பழக்கத்தை வரும் விடுமுறை நாளிலேயே தொடங்குமாறு வணிக நண்பர்கள் அனைவரையும் அன்புடன் கேட்டுக்கொள்கிறேன்.